வருத்தக்காரியின் சீலை

சுவரில் நின்றவளும் தயாபரிதான், அந்தச் சுவருக்குக் கீழே நாற்காலியில் இருந்தவளும் தயாபரிதான், ஆனால் ஆஸ்பத்திரியின் அந்தக் காத்திருப்பு அறையில் ஒருத்தருக்கும் அது பிடிபடவில்லை. சுவரில் நின்றவள் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சீலை உடுத்தி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, தாலிக்கொடி வெளியே தெரிய, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பல மொழிகளில் நல்வரவு, அதில் தமிழும் ஒன்று. கீழே இருந்தவள் மகள் மிதுலாவின் பழைய சாம்பல் நிறத் தொப்பிச் சட்டைக்குள்ளும் முழங்காலில் வெளிறிப்போன காற்சட்டைக்குள்ளும் புதைந்து, எண்ணெய் காணாத தலையும் பொட்டில்லாத நெற்றியுமாக ஒடுங்கியிருந்தாள். இண்டைக்காவது ஒரு வருத்தக்காரி மாதிரிப் போங்கோ அம்மா என்று காலையில் மிதுலா சொல்லியிருந்தாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்று பெயர், நோயாளி வருத்தக்காரர். வருத்தம் இருந்தால் மட்டும் போதாது, வருத்தக்காரி மாதிரியும் இருக்க வேண்டும் என்பது சுவிஸுக்கு வந்து இத்தனை வருடம் கழித்து, வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு, பெற்ற பிள்ளை சொல்லித்தான் தயாபரிக்குத் தெரியவந்தது. தலை வாரி இழுக்க வேண்டாம், பவுடர் வேண்டாம், நகை ஒன்றும் வேண்டாம், முக்கியமாகச் சிரிக்க வேண்டாம். டொக்டர் கேட்டால் முனகுங்கோ. நேர்ஸ் வந்தால் எழும்பி நிற்காதையுங்கோ. முனகுவதற்கு மிதுலா ஒரு தடவை செய்தும் காட்டினாள், அது கன்று போடப்போகிற மாட்டின் சத்தம் மாதிரி இருந்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், சிரித்ததில் தயாபரிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தது, அந்த இழுவையைத்தான் இன்றைக்கு எப்படியாவது டொக்டர் கெல்லரை நம்பவைக்க வேண்டும். நம்பினால் ஸ்கேன். நம்பாவிட்டால் மனதுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டரிடம் அனுப்புவதாகப் போன தடவையே சொல்லிவிட்டார். இரண்டில் எது என்று இன்றைக்கு முடிவு.

மனதுக்கு வைத்தியம் பார்க்கிறதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அதற்கும் ஆட்கள் தேவைதான், ஆனால் விலாவுக்குக் கீழே நோகிற மனம் எந்த ஊர் மனம் என்று அவளுக்கு விளங்கவில்லை. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் தொடங்கும். முதலில் யாரோ உள்ளேயிருந்து விரலால் குத்துவதுபோல, பிறகு அது முதுகுக்குப் போய்த் தோளில் ஏறி உட்காரும். இதை அவள் டொக்டர் கெல்லருக்குச் சொல்லாமல் இல்லை. எப்படிச் சொன்னாள் என்பதில்தான் மிதுலாவுக்கும் அவளுக்கும் வழக்கு. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளாம். டொக்டர் வந்தவுடன் எழுந்து நின்று வணக்கம் சொன்னாளாம். அந்தச் சீலையைத் தேய்த்து மினுக்கி, பின் குத்தி, கழுத்து நிறையக் கொடியோடு போனாளாம். பூச்சியம் தொடக்கம் பத்து மட்டும் எவ்வளவு நோகிறது என்று அவர் கேட்டபோது, மூன்று என்றாளாம். அட, வேறு என்ன சொல்வது. முதல் பார்வையிலேயே ஒரு பிறத்தி மனிசனிடம் பத்து என்று வாயைத் திறந்து கேட்பதா? பத்து என்பது தரையில் புரள்கிறவர்களுக்கு, பிள்ளை பெறுகிறவர்களுக்கு, குண்டு பட்டவர்களுக்கு. நாலு என்றால்கூடக் கொஞ்சம் ஆசைப்பட்ட மாதிரி இருக்கும். மூன்று என்று சொன்னால், மூன்று என்று சொல்கிறாளே, அப்படியானால் உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று டொக்டர் தானாக உணர்ந்து பார்ப்பார் என்றுதான் அவள் நினைத்தாள், அவர்கள் ஆட்களுக்குள் அப்படித்தான், சாப்பிட்டீங்களோ என்றால் ஓம் என்பதும் பிறகு இரண்டு தரம் கேட்டபின் கோப்பையை நீட்டுவதும். இங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள். மூன்று என்றால் மூன்றுதான். டொக்டர் கெல்லர் அவளை மேலும் கீழும் பார்த்து, வயிற்றைத் தொடாமலே, உங்களைப் பார்த்தால் நல்ல சுகமாக இருக்கிறீர்கள் என்றார். மிதுலா அதைத் தமிழில் சொன்னபோது தயாபரி நன்றி டொக்டர் என்றாள்.

நன்றி டொக்டர். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட வேண்டும்போல இருக்கும். ஆனால் வாயிலும் பிழை இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் என்றால் அம்மா முதலில் செய்வது சட்டையை மினுக்குவதுதான். நெருப்பாய்க் கொதிக்கிற பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரி, ஊத்தையாப் போனால் தள்ளி நில் எண்டு சொல்லுவினம் என்பாள். அது உண்மைதான், ஊத்தையாகப் போனவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள், அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த மருந்து கொடுக்கிற இடத்துக்கும் அம்மா பெட்டிக்குள் மிஞ்சியிருந்த ஒரே நல்ல சீலையைக் கட்டிக்கொண்டுதான் வரிசையில் நின்றாள். அந்தச் சீலையைப் பார்த்துத்தான் அந்தப் பெண் டொக்டர் கதிரையைக் காட்டி இருங்கோ என்றாள். வடிவாக உடுத்து வெளிக்கிட்டுப் போனால் மனிதராக மதிப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே அதுதான் வழி. அந்த வழியால் வந்தவள் இங்கே வந்து எல்லாம் தலைகீழ் என்று எப்படிக் காண்பாள்? இங்கே வடிவாக வெளிக்கிட்டால் சுகதேகி. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்வரவு என்று எழுதுகிற இடத்தில் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம், சிரிக்க வேண்டாம், சீலை வேண்டாம், முனகிக்கொண்டு வரவும் என்று. நிமிர்ந்து பார்த்தாள். படத்துக்காரி சிரித்தாள். அந்தப் படத்தில் என்னவோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது, சிரிப்பு இல்லை, வேறு என்னவோ. என்னவென்று பிடிபடுமுன் தலையைக் குனிந்துகொண்டாள், அண்ணாந்து பார்த்தால் விலா இழுத்தது.

அந்தப் படம் எடுத்ததும் இந்த டொக்டரை முதல் பார்த்த நாளில்தான். அவர் பூச்சியம் பத்தெல்லாம் கேட்டு முடித்து, குளிசை எழுதிக்கொடுத்து, பிறகு கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, போரில் யாரையாவது இழந்தீர்களா என்று கேட்டார். வெளிநாட்டு ஆட்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இங்கே டொக்டர்மாருக்கு வகுப்பு வைக்கிறார்கள் என்று மிதுலா பிறகு சொன்னாள். வகுப்பில் நல்லாகத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவர் கேட்ட விதமும் நல்ல விதம்தான், முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் நோகிற இடத்தை விட்டுவிட்டு நோகாமல் மூடி வைத்திருந்த இடத்தில் கையை வைத்துவிட்டார். தம்பி, என்றாள் தயாபரி. தம்பி வசீகரன். அவ்வளவுதான், கண்ணீர் கொட்டியது, எத்தனையோ வருடமாக வராதது டொச்சு மொழி பேசுகிற ஒரு சுவிஸ்காரனின் மேசைக்கு முன்னால் வந்தது, அவர் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து அவளுடைய விலா அவளுடைய தம்பியாகிவிட்டது. முதுகு நோகிறது என்றால் தம்பி. சாப்பிட முடியவில்லை என்றால் தம்பி. பாவம் அந்தப் பிள்ளை, உயிரோடு இருந்த காலத்தில் ஒருவருக்கும் ஒரு இடைஞ்சலும் கொடுத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், நடைக்கூடத்தில் ஆஸ்பத்திரி அலுவலகத்துப் பெண் ஒருத்தி அவளை மறித்து, ஐயோ எவ்வளவு அழகான உடுப்பு என்று சீலையைத் தொட்டுப் பார்த்தாள். எல்லா நாட்டு ஆட்களும் தயங்காமல் வரவேண்டும் என்பதற்காகப் படங்கள் வைக்கிறார்களாம், ஒன்று எடுக்கலாமா? வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தால் அவள் ஏன் தயாபரி. ஜன்னலடியில் நிற்கச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். கையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டதும் அவளுக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கு எங்கே வசதியோ அங்கே வையுங்கள் என்று அந்தப் பெண் சொன்னதாக மிதுலா சொன்னாள்.

கலாவதி அக்காவையும் இதே மாதிரித்தான் சுகம் என்று சொன்னார்கள். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, ஆனால் அதே கதை. கலாவதி அக்கா முதியோர் விடுதிச் சமையலறையில் தயாபரிக்குப் பக்கத்தில் நின்று கிழங்கு சீவியவள், உதட்டுச்சாயம் பூசாமல் குப்பை கொட்டக்கூடப் போகமாட்டாள். வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்று போனவளுக்கு வேலைக் களைப்பு என்றார்கள், பிறகு மாதவிடாய் நிற்கிற வயது என்றார்கள், பிறகு ஊர் நினைப்பு என்றார்கள், கடைசியில் ஒரு நாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. செத்தவீட்டில் அவளுக்குக் கூறைச்சீலை உடுத்தி, அவள் பூசுகிற அதே சாயத்தைப் பூசிக் கிடத்தியிருந்தார்கள். தயாபரி கிட்டப்போய்ப் பார்த்தாள். அப்போதும் ஆள் நல்ல சுகமாகத்தான் இருந்தாள். அதை நினைத்ததும் இந்த அறையின் வெளிச்சம் ஒரு மாதிரி மங்கியது, வயிற்றுக்குள் அந்த விரல் மெதுவாகக் குத்தத் தொடங்கியது, காலையில் ஒரு துண்டு பாண்தான் சாப்பிட்டாள், அதற்கும் இந்தப் பாடா, மூச்சை மெதுவாக விடு, யாரும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் என்ன, பார்க்கத்தானே வந்திருக்கிறாள், இப்போது முனகலாம், மிதுலா சொன்ன மாதிரி முனகச் சரியான நேரம் இதுதான். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வலி இல்லாதபோது முனகச் சிரிப்பு வந்தது, வலி வந்தபோது முனக வெட்கம் வந்தது. இதற்குள் மொழிபெயர்க்க வருகிறவர் யாரோ என்ற பயம் வேறு. மிதுலாவுக்கு இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரியே ஒரு தமிழ் ஆளை ஒழுங்குபண்ணுகிறது. கோயிலில் காண்கிற முகமாக இருந்தால்? தயாபரிக்கு உள்ளுக்குள் என்னவோ பெரிய வருத்தமாம் என்று வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன்னமே கதை போய்ச் சேர்ந்துவிடும். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். இங்கிருந்து நேரே கோயிலுக்குப் போவதற்காகச் சீலையையும் கொடியையும் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள், மிதுலாவுக்குத் தெரியாமல்.

கதவு திறந்து ஒரு சுவிஸ் கிழவி வந்தாள். வெள்ளிக்கம்பித் தலைமயிரைச் சுருட்டிவிட்டு, கழுத்தில் முத்துமாலை, காதில் முத்து, இளநீலச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, உதட்டில் ரோஜா நிறம். எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, தயாபரிக்கும் சொல்லி, சிரித்து, எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியில் நேராக வைத்தாள். வாசனைத் தைலம் பூசியிருந்தாள், நல்ல மணம். தயாபரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஐயோ அம்மா, உனக்கும் ஒருத்தரும் சொல்லித் தரவில்லையா, இப்படி வெளிக்கிட்டு வந்திருக்கிறாயே, நீ வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். அப்போது நேர்ஸ் வந்தாள். கிழவிக்கு முன்னால் குனிந்து, எங்கே நோகிறது என்று கேட்டாள். தயாபரியின் டொச்சு அந்த அளவுக்குப் போதும். கிழவி கைப்பையைத் தூக்காமலே வயிற்றில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, இங்கே, கொஞ்சம்தான், என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்சம்தான் என்று! அதே மூன்று! நேர்ஸின் முகம் உடனே மாறியது. நீங்கள் முறைப்பாடு சொல்கிற ஆள் இல்லை, கொஞ்சம் என்றால் கட்டாயம் பார்க்கவேண்டும், வாருங்கள், முதலில் ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்று கிழவியின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். வாசனை மட்டும் அங்கேயே நின்றது.

தயாபரி அந்த வெறும் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துமாலை போட்டவளுக்கு நோகலாம். தாலிக்கொடி போட்டவளுக்கு நோகக்கூடாது. சிரிக்கிற கிழவி முறைப்பாடு சொல்லாத ஆள், சிரிக்கிற தயாபரி சுகதேகி. அப்படியென்றால் பவுடரில் பிழை இல்லை. சிரிப்பில் பிழை இல்லை. இத்தனை நாளும் தன் வாயையும் தன் சீலையையும் தன் அம்மாவையும் திட்டிக்கொண்டிருந்தாளே, விசரி, விசரி, இவளுடைய வெளிக்கிடுதலை இவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை, அதற்கு இவள் ஏன் பொட்டை அழித்துக்கொண்டு ஒரு மூலையில் இருக்க வேண்டும்? காது சூடேறியது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சுடும். இந்தச் சாம்பல் சட்டையை உடுத்து, நம்புங்கோ நம்புங்கோ என்று மாடு மாதிரிக் கத்தி, அப்படித்தான் ஸ்கேன் கிடைக்குமென்றால், அடுத்தமுறை இன்னும் ஊத்தையாக வர வேண்டும், அதற்கடுத்தமுறை தவழ்ந்து வர வேண்டும். அதற்கு ஒரு முடிவே இல்லை. விடு. ஆத்திரத்தில் விலாவையும் மறந்து அண்ணாந்து படத்துக்காரியை நேருக்கு நேர் பார்த்தாள், அப்போதுதான் அந்த உறுத்தல் பிடிபட்டது. கை. படத்துக்காரியின் இடதுகை சும்மா தொங்கியது. வலதுகை முந்தானைக்கு மேலால் விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுக்கிற அளவுக்கு அழுத்தியிருந்தன, பெரிதாக்கின படத்தில் வடிவாகத் தெரிந்தது. உங்களுக்கு எங்கே வசதியோ அங்கே வையுங்கள் என்றார்கள், வைத்தாள். எத்தனை பேர் இந்தப் படத்துக்குக் கீழே இருந்து போயிருப்பார்கள். டொக்டர் கெல்லரே ஒவ்வொரு நாளும் இதைத் தாண்டித்தானே தன் அறைக்குப் போகிறார்.

பையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டினாள். சாம்பல் சட்டை நிலத்தில் விழுந்தது, அது விழுந்த விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. முகத்தைக் கழுவினாள். பாவாடையும் பிளவுசும் மாட்டி, சீலையைச் சுற்றி, கொய்யகத்தை மடித்துச் செருகக் குனிந்தபோது வலி வந்து பல்லைக் கடிக்கவைத்தது, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள், வா, வந்திட்டுப் போ, நீ வந்தாலும் நான் உடுத்துத்தான் போவேன். தோளில் பின் குத்த வலதுகையைக் குறுக்கே தூக்க வேண்டும். தூக்கினால் முதுகுவரைக்கும் கிழிந்தது. பாதி தூக்கி, மூச்சு வாங்கி, மீதியைத் தூக்கினாள். ஒரு சீலை உடுத்த இவ்வளவு பாடு படுகிறாள் என்று டொக்டர் கெல்லர் ஒரு தடவை பார்த்தால் போதும், பூச்சியமும் தேவையில்லை பத்தும் தேவையில்லை. ஆனால் இது அவருக்குக் காட்டுகிற காரியம் இல்லை. கொடியைப் போட்டாள். ஒட்டுப்பொட்டைக் கண்ணாடியில் பார்த்து, சரி நடுவில் வைத்தாள். கண்ணாடியில் ஒரு வருத்தக்காரி நின்றாள், வடிவாக வெளிக்கிட்ட வருத்தக்காரி. கலாவதி அக்காவும் ஒருக்கால் எட்டிப் பார்த்ததுபோல இருந்தது. சாம்பல் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காத்திருப்பு அறை வாசலில் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் நின்றாள், முப்பதுக்குமேல் இருக்கும், கோயிலில் காணாத முகம். நல்லகாலம். தன் பெயர் சுகிர்தா என்றும், அடுத்த ஊரிலிருந்து வருவதாகவும், மொழிபெயர்க்க வந்திருப்பதாகவும், இங்கே கேட்பது எதுவும் வெளியே போகாது என்றும் சொன்னாள். அதை எல்லாருக்கும் சொல்கிற வேகத்தில்தான் சொன்னாள், ஆனால் அடுத்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன் அன்ரி. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்." மிதுலா குறைப்பாள். பிள்ளையைப் பிழை சொல்ல முடியாது, தாய்க்கு நோகிறது என்று தன் வாயாலேயே சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும், அம்மா அரைமணி நேரம் சொன்னதை அரை வரியில் முடித்துவிடுவாள். தயாபரி சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். கூட்டாத குறைக்காத முகமாகத்தான் இருந்தது. அப்போது நடைக்கூடத்தில் டொக்டர் கெல்லர் தன் அறைக் கதவைத் திறந்து நின்று திருமதி சபாநாதன் என்று கூப்பிட்டார். புருசனின் பெயரைத் தன் வாயால் சொல்லாமல் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவள், இந்த நாட்டில் எல்லாரும் அவளை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள், மற்ற நாளென்றால் அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு ஓடிப்போவாள். இன்றைக்குப் போகவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அவரை இஞ்ச வரச் சொல்லுங்கோ பிள்ளை என்றாள். சுகிர்தா சொன்னாள். டொக்டர் கெல்லர் கதவைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், பிறகு வந்தார். நல்ல மனிதர், வழக்கம்போல அந்த இரக்கமான முகத்தோடு வந்து, படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்து, அட நீங்களா இது, எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள் என்றார்.

"படத்தில என்ர வலக்கையைப் பார்க்கச் சொல்லுங்கோ."

அவர் பார்த்தார். முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். தயாபரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், சுகிர்தா ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் கொண்டுபோனாள். இந்தப் படம் எடுக்கக் கொஞ்சம் முன்னம்தான் நீங்கள் எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னீர்கள். அந்தக் கை வடிவுக்கு வைத்த கை இல்லை. இண்டைக்கும் அதே இடம்தான். அறையில் இருந்த இரண்டொருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள், பார்க்கட்டும். டொக்டர் கெல்லர் படத்திலிருந்து அவள் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் சகோதரர், என்று தொடங்கினார்.

"தம்பி எனக்கு நெஞ்சுக்குள்ள. இது விலாவுக்குக் கீழ. ரெண்டும் ரெண்டு வருத்தம். தம்பியைப் பற்றி நான் விரும்பின நேரம் விரும்பின ஆளோட கதைப்பன். இண்டைக்கு எனக்கு ஸ்கேன் எடுக்கோணும்."

சுகிர்தா ஒன்றையும் குறைக்கவில்லை. டொக்டர் கெல்லரின் கழுத்துச் சிவந்தது. அவருக்குக் கோபமா வெட்கமா என்று தயாபரிக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை, அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் பழைய கேள்வியையே கேட்டார், பூச்சியம் தொடக்கம் பத்து மட்டும்.

எட்டு, என்றாள் தயாபரி. சொல்லும்போது வாய் தன் பழக்கத்துக்குச் சிரிக்கத் தொடங்கியது. அதை அடக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், பிறகு சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். "சிரிச்சுக்கொண்டு சொன்னாலும் எட்டு எட்டுத்தான் எண்டு சொல்லுங்கோ." சுகிர்தா அதையும் சொன்னாள். டொக்டர் கெல்லர் சட்டைப்பைக்குள் இருந்த போனை எடுத்து யாரிடமோ கதைத்தார், அவளுடைய பெயரைச் சொன்னார், இன்றைக்கு என்றார், இல்லை, இப்போது என்றார்.

ஸ்கேன் அறை குளிர்ந்துபோய் இருந்தது. வயிற்றில் வைத்துப் பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பெண் ஆஸ்பத்திரி அங்கி ஒன்றை நீட்டி, இந்த நீளத் துணியெல்லாம் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சுகிர்தாவிடம் கேட்டாள். டொக்டர் கெல்லரும் சுவரோடு நின்றிருந்தார். தயாபரிக்குப் பயம் இல்லாமல் இல்லை, உள்ளே என்ன இருக்கிறதோ, கலாவதி அக்காவுக்கு இருந்ததுதானோ, ஆனால் அது வேறு பயம், அதை அவள் படுத்துக்கொண்டு பட்டுக்கொள்வாள். அங்கி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். முந்தானையை ஒருபக்கம் ஒதுக்கினாள். பிளவுசுக்கும் கொய்யகத்துக்கும் நடுவில், விலாவுக்குக் கீழே, அந்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"இந்த உடுப்பில அந்த இடம் எப்பவும் திறந்துதான் கிடந்தது," என்றாள் தயாபரி. "சொல்லுங்கோ பிள்ளை."